நம்பச் சொன்னால் போதாது, கணக்கைக் காட்ட வேண்டும்



"பேப்பரையும் நம்ப ஏலாது, கந்தோரையும் நம்ப ஏலாது, சங்கத்தையும் நம்ப ஏலாது." லயத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. பேசுகிறவர்களைக் குறை சொல்லுமுன், நம்பிக்கை ஏன் போனது என்று பார்ப்போம்.

தெல்லிப்பழை நம் தோட்டங்களுக்கு வெகு தூரம். ஆனாலும் அங்கே நடந்தது நமக்கும் பாடம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. யுத்தம் முடிந்து ஏறத்தாழ நான்கு வருஷமான பின், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். காணிக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். காணிக்காரரில் பலர் சில மைல் தூரத்து முகாம்களிலேயே இருந்தார்கள்! கண் முன்னே பொய்யாகிற கடதாசியை யார் நம்புவார்?

அதே ஏப்ரல் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகையின் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். 2006 மே 2இல் அதன் அலுவலகத்தில் ஊழியர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரனை மிரட்டி வைத்தால் நிஜம் எது, புரளி எது என்று சனத்துக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அந்த மக்கள் கை கட்டி இருக்கவில்லை. 2,000 பேருக்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தின் முன் நின்று கேட்டார்கள். 2015க்குப் பிறகு காணி கட்டம் கட்டமாக விடப்பட்டது. முழுதும் இன்னும் வரவில்லை. வந்த காணியும் கேட்டதால்தான் வந்தது.

நம் கதைக்கு வருவோம். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் ஜனாதிபதி 1,700 ரூபா நாட்சம்பளம் என்றார். வர்த்தமானியும் வந்தது, தலைப்புச் செய்தியும் வந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் நின்றது. மேடையில் கேட்டது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று.

இதனால் எதையுமே நம்பாமல் இருந்துவிடலாமா? அது கம்பனிக்குத்தான் வசதி. யாரையும் நம்பாத தொழிலாளி சங்கத்துக்கும் வரமாட்டார், தன் சம்பளச் சிட்டையையும் பார்க்கமாட்டார். போனில் வருகிற புரளிக்கு மட்டும் காது கொடுப்பார்.

கேட்பதற்கு நமக்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச செயலகம், தொழில் திணைக்களம் போன்ற அரச கந்தோர்களில் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதிகாரி எழுதி உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். சேமலாப நிதி கட்டப்பட்டதா என்று தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

அதே அளவுகோல் சங்கத்துக்கும் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டும் சந்தா எங்கே போகிறது, கம்பனியோடு பேசியதில் எதற்குச் சம்மதித்தோம் என்பதைத் தோட்டக் கமிட்டியில் கடதாசியோடு காட்ட வேண்டும். கேட்கிற தொழிலாளியைத் துரோகி என்று சொல்லும் தலைவர், பத்திரிகையையும் அரசையும் பற்றிப் பேசத் தகுதி இல்லாதவர்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது சம்பளச் சிட்டையையும் எடுத்து வாருங்கள். அங்கிருந்து கேட்கத் தொடங்குவோம்.