மோட்டர் கட்டுற கடையை முதலில கணக்கில எடுங்கோ

சுழற்சிப் பொருளாதாரம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறவர்கள் ஒருக்கா திருகோணமலைக்கு வந்து, மோட்டர் வைண்டிங் கடையொன்றில அரை நாள் இருந்து பார்க்க வேணும் என்கிறது எங்கட அபிப்பிராயம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களின் தண்ணி மோட்டர், வீட்டுக் கிணத்து மோட்டர் எல்லாம் எரிஞ்சு போனால் இப்படியான கடைக்குத்தான் வருது. உப்புக் காத்து அடிக்கிற ஊரில மோட்டருக்கு ஆயுளும் குறைவு.

அங்க நடக்கிற வேலை எளிமையானது மாதிரித் தெரியும். கருகின செப்புக் கம்பியைக் கழட்டி, அதே தடிப்புப் புதுக் கம்பியை அதே சுத்து எண்ணிக்கையில கட்டி, வார்னிஷ் ஊத்திக் காய வைச்சு, பேரிங்கை மாத்தினால் மோட்டர் திரும்ப ஓடும். கூடு, தண்டு, உருக்குத் தகடுகள் எல்லாம் பழசுதான். கழிச்ச செப்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். செப்பை எத்தனை தரம் உருக்கினாலும் குணம் குறையாது. தாதுவில இருந்து எடுக்கிறதை விட 85% வரை குறைஞ்ச சக்தியே போதும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவிச்ச நேரம், புதுசு வாங்க வழியில்லாத சனத்துக்கு இப்படிப்பட்ட கைத்தொழில்தான் கைகொடுத்தது.

அதுக்காகப் புகழ்ந்திட்டு மட்டும் விட ஏலாது. பழைய கம்பியை இலகுவாக் கழட்டத் திறந்த நெருப்பில எரிக்கிற பழக்கம் இருக்குது. வார்னிஷ் புகையை வேலை செய்யிறவரே சுவாசிக்கிறார். சூடு அளவு மீறினால் தகடுகளுக்கு இடையில இருக்கிற மெல்லிய காப்புப் பூச்சும் கெடும். பிறகு மோட்டர் ஓடும், ஆனால் கூட மின்சாரம் குடிக்கும். உலகத்து மின்சாரத்தில 40%க்கு மேல் மோட்டர்களுக்கே போகுது என்பதால் இது சின்ன விசயமில்லை. இரவு பகலா ஓடுற ஆலைகள் செயற்திறன் கூடின புது மோட்டருக்கு மாறுவது நியாயம். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓடுற கிணத்து மோட்டரைத் தூக்கி எறியச் சொல்லுவது வெறும் வியாபாரம்.

அடுத்த சிக்கல் மின்சார ஸ்கூட்டர்களோட வருது. அதுகளின் மோட்டர்களில பெரும்பாலும் நியோடிமியம் காந்தம் ஒட்டியிருக்கும். நெருப்புக் காட்டினால் காந்தம் வலு இழக்கும். பழைய முறை அங்க சரிவராது. நியோடிமியம் உள்ள மொனசைட், எங்கட மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலயும் இருக்குது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டவுடனே உலகத்து வாகன ஆலைகளே தடுமாறின. இவ்வளவு பெறுமதியான பொருளை, திறக்கவே முடியாத கூட்டுக்குள்ள வைச்சு விற்கிறதை நாங்கள் ஏன் பேசாமல் வாங்க வேணும்?

நாங்கள் கேட்கிறது மூன்று. கடைகள் பொதுவாகப் பாவிக்க, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய சூளை. காந்த மோட்டர் திருத்தத் தொழிற்பயிற்சி. இறக்குமதியாகிற மோட்டரைக் கழட்டிப் பூட்டலாம், உதிரிப்பாகம் கிடைக்கும் என்ற நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே கொண்டு வந்திட்டுது.

இந்தக் கைத்தொழிலுக்குப் புதுப் பெடியள் வராட்டில், எரிஞ்ச மோட்டர் எல்லாம் நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும். அதுக்குப் பிறகு எத்தனை கருத்தரங்கு வைச்சும் பிரயோசனம் இல்லை.