தூக்கியது ஒரு ஜீன்தானா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிறந்த பெரும்பாலானோரின் இடது கையில், தோளுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசித் தழும்பு. அந்த ஊசிக்குள் இருக்கும் கிருமியின் கதை கொஞ்சம் வேடிக்கையானது.

பிரான்ஸில் கால்மெட், கெரான் என்ற இரண்டு பேர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கிருமி சாதுவாகிவிட்டது. ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. 1990களில்தான் ஆர்.டி.1 என்ற டி.என்.ஏ. துண்டு அதில் இல்லை என்று தெரிந்தது. யாரும் அதை வெட்டவில்லை, தானாகப் போனது. பிறகு நாட்டுக்கு நாடு வளர்த்ததில் பி.சி.ஜி.யே பல ரகமாகப் பிரிந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பரிசோதனையில்கூட பிரெஞ்சு, டேனிஷ் என்று இரண்டு ரகம் போட்டுப் பார்த்தார்கள்.

"அது அந்தக் காலம். இப்போது ஜீனைக் குறிபார்த்து அல்லவா தூக்குகிறார்கள்?" என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான்!

காசநோய்க் கிருமியின் மேலுறையில் பி.டி.ஐ.எம். என்ற மெழுகு மாதிரியான கொழுப்பு உண்டு. உடம்புக்குள் நோய் உண்டாக்க அது வேண்டும். ஆய்வகக் குடுவையில் அது வெட்டிச் செலவு. அதனால் அதைத் தொலைத்த கிருமிகள் வேகமாகப் பெருகிவிடும். 2009-ல் கனடாவின் டொமெனெக், ரீட் இருவரும் இதைக் காட்டினார்கள். ஒரு ஜீனைத் தூக்க வாரக்கணக்கில் வளர்த்து, கடைசியில் ஒரே ஒரு காலனியைப் பொறுக்குகிறார்கள். அது பி.டி.ஐ.எம். போன காலனியாக இருந்தால்? எலிக்கு நோய் வராது. "நான் தூக்கிய ஜீன்தான் காரணம்" என்று கட்டுரை வந்துவிடும்.

மெக்கானிக் கடையில் ஒரு பாகத்தைக் கழற்றும்போது பக்கத்து ஒயரும் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? வண்டி ஓடாது, பழி கழற்றிய பாகத்தின் மேல் விழும். உண்மை தெரிய ஒரே வழி, அந்தப் பாகத்தைத் திரும்ப மாட்டிப் பார்ப்பது. அப்போதும் ஓடவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ. கிருமிக்கும் இதேதான். தூக்கிய ஜீனைத் திரும்ப வைத்தால் வீரியம் திரும்ப வேண்டும். ஸ்டான்லி ஃபால்கோ 1988-லேயே இதை விதியாக எழுதிவிட்டார்.

ஆனாலும் இதைச் செய்யாமல் முடிவு சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜீனைத் திரும்ப வைத்துப் பார்ப்பது, முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்ப்பது, இந்த இரண்டும் இல்லாமல் எந்த ஆய்வேட்டையும் கல்லூரிகள் ஏற்கக் கூடாது. செலவாகும், நாளாகும் என்பார்கள். தப்பான ஜீனை நம்பி மருந்து தேடினால் ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு.

உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில்தான். கால்மெட்டுக்கு அடித்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் அடிக்காது. சரிபார்ப்பதுதான் கைகொடுக்கும்.