தண்ணீர் எழுதிய பற்கள்

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பளிங்கையும் சூதுபவளத்தையும் துளையிட்டு மணி செய்தார்கள். அவர்கள் வேலை முடிக்காமல் விட்டுப்போன மணிகளும் அகழாய்வில் கிடைத்தன. அதற்கும் மிக முன்னால், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன், பலுசிஸ்தானத்து மெஹர்கரில் சிக்கிமுக்கிக்கல் முனையால் உயிரோடிருந்தவர்களின் கடைவாய்ப் பற்களையே துளைத்திருக்கிறார்கள். மணி துளைத்த கைத்திறனே அங்கே பல்லுக்கு வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். துளைக்கும் கை அவ்வளவு பழையது. துளைத்த இடத்தில் ஒன்றை ஒட்டி நிலைக்கவைக்கும் அறிவுதான் நேற்றுவரை கைகூடவில்லை. நம் பாட்டன்மார் வெள்ளி அடைப்புக்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடையக் கொடுத்ததற்குக் காரணம் அதுவே. ஒட்டாத பொருள் நழுவாதிருக்கக் குழியை அடியில் அகலமாக வெட்ட வேண்டியிருந்தது.

ஒட்டவைக்கும் வழி தொழிற்சாலையிலிருந்து வந்தது. இரும்புக்கு வண்ணம் நன்றாகப் பிடிக்க, பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவது அங்கே வழக்கம். கோவைப் பட்டறைகளுக்கும் அது புதிதல்ல. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் 1955இல் அதைப் பல்லின் மேலுறையான எனாமலில் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலம், 30 விநாடி. இன்று 37 சதவீதமே போதுமாகிறது. எடையில் 96 சதவீதம் கனிமமான எனாமல், அமிலம் பட்டதும் நுண்பள்ளங்களாகிறது. நீர்த்த பிசின் அவற்றுள் இறங்கி, நீல ஒளியில் இறுகிப் பற்றிக்கொள்கிறது. உள்ளிருக்கும் டென்டின் அப்படி இசைந்து கொடுப்பதில்லை. அது ஈரமானது, நுண்குழாய்கள் நிறைந்தது, கொலாஜன் இழைகளால் பின்னப்பட்டது. அமிலத்துக்குப் பின் மிகையாக உலர்த்தினால் இழைகள் சரிந்து வழியை அடைத்துவிடும். ஈரம் மிஞ்சினாலும் பிடிமானம் கெடும். பிசினும் இழையும் கலந்து அமையும் படலத்தை ஜப்பானிய ஆய்வாளர் நகபயாஷி 1982இல் விளக்கினார். அந்தப் படலத்தையும் நீரும் பல்லிலேயே உறங்கும் நொதிகளும் ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கின்றன.

கொங்கில் இந்த வரலாற்றுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. சிறுவாணி குடித்து வளர்ந்த கோவைக்காரர் அதை அவ்வளவாக அறியார். சேலம், தருமபுரிப் பக்கம் பாறையிடுக்கு நீரில் ஃபுளூரைடு கலந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஃபுளூரைடு நோய் பரவியிருப்பதைக் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937இலேயே எழுதிவிட்டார்கள். அதன் பின்னும் கிணறு வற்ற வற்ற ஆழ்துளை போட்டுப் பாறைக்குள் இறங்கிக்கொண்டே போனோம். பல் உருவாகும் வயதில் குடித்த நீர் எனாமலில் பழுப்புக் கறையாக நிலைத்தது. கறை முற்றிய எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கும் எளிதில் இளகாது. திருமணத்துக்கு முன் கறையை மறைக்க வரும் பெண்ணின் பல்லில் மருத்துவர் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க நேர்கிறது. அவள் குழந்தையாயிருந்தபோது குடித்த தண்ணீரோடுதான் அந்தப் பிசின் பசை முதலில் போராடுகிறது.

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் காவிரி நீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது நிலையான முன்பற்கள் முளைத்துவிட்டன. ஆழ்துளைக் கிணற்றையே இன்னும் நம்பியிருக்கும் வீடுகளுக்கும் ஆற்று நீர் போய்ச் சேரும்வரை, எந்தப் புதிய பசையையும் முழுமனதோடு கொண்டாட எனக்கு வரவில்லை.