இழுக்கிறது என்பதற்காக ஏற்றலாமா?

'வீட்டில் 50 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கைச் சேகோ ஆலைக்குக் கொண்டுபோக இரண்டு சக்கர டிரெய்லரும் வாங்கியாயிற்று. 8 டன் தாராளமாக இழுக்கும் என்கிறார் டிரைவர். ஆர்.சி. புத்தகக் கணக்கில் அவ்வளவு வரவில்லை. எதை நம்புவது?'
- வாசகர், ராசிபுரம் வட்டம்

டிரைவர் சொல்வது பொய்யில்லை. சமமான தார் ரோட்டில், தாழ்ந்த கியரில் அந்த டிராக்டர் 8 டன்னை இழுத்துவிடும். இழுத்ததை நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். சேலம், நாமக்கல் பக்கம் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. மிதித்தவுடன் டிராக்டர் நிற்கப் பார்க்கும். பின்னால் வரும் கிழங்கு நிற்காது, தள்ளும். இறக்கத்து வளைவில் அப்படித் தள்ளினால் வண்டி மடங்கிக் கவிழ்ந்துவிடும்.

ஆகவே ஆர்.சி. புத்தகத்தையே நம்ப வேண்டும். டிராக்டருடையதை மட்டும் பார்த்தால் போதாது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு உண்டு. அதிலுள்ள மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய சரக்கு. உதாரணமாக, மொத்தம் 6,500 கிலோ, காலி 1,500 கிலோ என்றால் கிழங்கு 5,000 கிலோதான். பக்கப் பலகையை உயர்த்திக் கட்டியிருந்தால் அந்த இரும்பின் எடையைச் சரக்கில் குறைத்துக்கொள்ள வேண்டும். கிழங்கில் ஒட்டிவரும் ஈர மண்ணும் எடைதான். ஆலையில் அதைக் கழித்துத்தான் காசு தருவார்கள். ரோட்டில் யாரும் கழிக்க மாட்டார்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு கொக்கி மேல் இறங்கும். கிழங்கை முன்பக்கமாகக் குவித்தால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. மேட்டில் முன்பக்கம் தூக்கிவிடும். பின்பக்கமாகக் குவித்தால் கொக்கி மேலே எழும்பும். பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். பாரம் அச்சுக்கு மேலே, சற்றே முன்னால் இருக்கட்டும். கொக்கி தாங்கும் எடை டிராக்டர் கையேட்டில் இருக்கும்.

முதல் லோடை எடை மேடையில் இரண்டு முறை போடுங்கள். முழு வண்டியும் ஒருமுறை. பிறகு டிராக்டரை மேடையை விட்டு இறக்கி, கொக்கியைக் கழற்றாமல், டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை. முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் டிராக்டரின் சக்கரங்கள் சுமப்பது தெரியும். அதில் டிராக்டரின் காலி எடை போக மிச்சம், கொக்கி மேல் விழுவது.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி, கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய்; கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். 3 டன் கூடினால் 26,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.

ரோட்டில் ஏறுமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டுங்கள். உழவில் தனித்தனியாக விட்டதை மறந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது உயிரோடு விளையாடுவது. லோடு மேல் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

8 டன் கிழங்கு இருந்தால் இரண்டு நடை அடியுங்கள். அந்த டீசல் செலவை விலை பேசும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.