பதாகை பிடித்தது போதும்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒன்பது மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடுவார்கள். கொடியசைக்க வேண்டியவர் வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். ‘நெகிழியை ஒழிப்போம்’, ‘மரம் வளர்ப்போம்’ என்று முழக்கமிட்டபடி இரண்டு தெரு சுற்றி வந்தால் பேரணி முடிந்தது. அட்டைகள் வண்டியில் ஏறும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட், மறுநாள் நாளிதழில் ஒரு படம். சிதம்பரத்திலும் இதே கதைதான். அங்கே கீழ வீதியில் தொடங்கி மற்ற வீதிகளையும் சுற்றுவார்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் சமூக சேவை என்பது இந்த மாவட்டத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான். பேரணியால் நெகிழி குறைந்ததா என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் எவரும் கேட்பதில்லை: வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன தெரியும்?

ஒருத்திக்கு அச்சுக் கோத்தாற்போன்ற கையெழுத்து. ஒருவன் அப்பாவின் மளிகைக் கடையில் நின்று, தாளும் பேனாவும் இல்லாமல் கணக்குப் போடுவான். இன்னொருத்தி கைப்பேசியில் ஆசிரியரைவிட வேகமாகத் தமிழில் தட்டச்சு செய்வாள். கூத்துக்கார வீட்டுப் பையன் முகத்தில் அரிதாரம் பட்டதும் வேறு ஆளாகிவிடுவான். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது, இத்தனை பேரிடம் இத்தனை திறமையா என்று ஆசிரியர்களே வியந்தார்கள். பரிசு கொடுத்தாயிற்று, சான்றிதழ் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்தத் திறமைக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லை.

வேலை இல்லாமல் இல்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் முதியோர் இல்லங்கள், காப்பகங்கள், சிறப்புப் பள்ளிகள், கிளை நூலகங்கள், குருதிக்கொடைக் குழுக்கள், மீனவப் பெண்களின் கூட்டமைப்புகள் எல்லாம் ஆள் போதாமல்தான் நடக்கின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் திறமை இந்த அமைப்புகளுக்குப் போய்ச்சேர, பள்ளி நேரத்துக்குள்ளேயே வாரம் ஒரு பாடவேளையை மாவட்டக் கல்வித் துறை ஒதுக்க வேண்டும். புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. பேரணிக்கும் மனிதச் சங்கிலிக்கும் போகும் பொழுதை எடுத்துக்கொண்டாலே போதும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் என்ன செய்துவிட முடியும் என்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் மைகாவ் கடற்கரையில் பெற்றோருடன் நின்ற டில்லி ஸ்மித் என்ற ஆங்கிலச் சிறுமிக்கு வயது பத்து. கடல் நுரைத்துக் கிடந்த விதம், இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் கேட்டதை அவளுக்கு நினைவூட்டியது. வருவது ஆழிப்பேரலை என்று அவள் அடம்பிடித்துச் சொன்னதால் சுமார் நூறு பேர் கரையை விட்டு வெளியேறினார்கள். அதே நாளில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடலூர் மாவட்டக் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மைகாவ் கரையில் நின்ற பெரியவர்களின் கல்வியும் அனுபவமும் சொல்லாததை ஒரு குழந்தையின் பாடம் சொன்னது. அவள் சொன்னதைக் கேட்டு நடக்கப் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான் அந்தக் கதை.

அந்தச் சுனாமி இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. யாருக்கு என்ன தேவை என்று கேட்காமல் அள்ளி அனுப்பியவை அவை. சொந்த உழைப்பில் வாழ்ந்து பழகிய மீனவக் குடும்பங்கள் பலவற்றைத் தொடவே இல்லை. துணிமூட்டைகள் சாலையோரம் மண்ணில் கிடந்தன. ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று முதலில் கேட்காத சேவை அப்படித்தான் முடியும். மாணவர்களை ஒரு தொண்டு அமைப்புக்கு அனுப்பும் பள்ளியும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடி, கேக் வெட்டி, படம் எடுத்துத் திரும்புவது பிள்ளைகளுக்கு இன்பச் சுற்றுலா. அங்கே இருப்பவருக்குத் தேவைப்படுவது, கண் மங்கிய பிறகு நாளிதழை வாசித்துக் காட்ட ஒரு குரலாக இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குச் செய்தி தட்டச்சு செய்ய ஒரு விரலாக இருக்கலாம்.

கேட்டுப் பார்த்தால் தேவைகள் சின்னச் சின்னவையாகவே இருக்கும். நன்கொடை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பற்று வரவு எழுதுவது, நூலகத்தில் குழந்தைகள் நூல்களுக்குப் பட்டியல் போடுவது, அங்கன்வாடிச் சுவரில் படம் வரைவது, குருதிக்கொடை முகாமுக்கு எல்லோரும் படிக்கும்படி ஒரு நோட்டீஸ் எழுதுவது, பார்வையற்ற மாணவருக்காகப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்வது. இவற்றில் எதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத வேலை அல்ல.

இன்னும் பெரிய வேலையும் இருக்கிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகள் கடலில் சேரும் மாவட்டம் இது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தெருக்களை மூழ்கடித்தது. ஒவ்வொரு முறையும் உதவ வந்த தன்னார்வலர்களுக்கு ஒரே தடுமாற்றம்: எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும்? நடக்க முடியாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார்? எந்த வீட்டுத் திண்ணை மேடானது? இதற்கெல்லாம் பதில் அந்தந்தத் தெருப் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அவர்கள் தெருவாரியாக ஒரு வரைபடம் வரைந்து ஊராட்சிக்கும் நிவாரணக் குழுக்களுக்கும் கொடுத்தால், எந்த அலுவலகத்துக் கணினியிலும் இல்லாத ஆவணம் அது.

சாதாரண மக்களின் கண்ணும் மூக்கும் ஆவணமாக முடியும் என்பதைக் கடலூர் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004 முதல், எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து, என்ன நாற்றம் வந்தது என்று குறித்துவைத்தார்கள். எளிய வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் ‘நாறுகிறது’ என்ற வெறும் புகாராக இருந்தது, அதன் பிறகு மறுக்க முடியாத பதிவாயிற்று. நச்சுப்புகையின் அருகே குழந்தைகளை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் பார்த்ததைத் தேதி போட்டு எழுதும் அந்தப் பழக்கத்தைப் பள்ளி சொல்லித்தரலாம்.

திறமை என்றதும் பாட்டு, ஓவியம், பேச்சு என்று மட்டும் நினைப்பது நகரத்துப் பார்வை. பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடும் ஓடைகளைக் கிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வாடைக்கும் கொண்டலுக்கும் கடல் எப்படி மாறும் என்று சாமியார்பேட்டைப் பையனுக்குத் தெரியும். வகுப்பில் ‘மக்கு’ என்று பெயரெடுத்தவனாகக்கூட அவன் இருப்பான். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில் அந்த அறிவுக்குத் தேவை இருக்கிறது. சென்னையில் 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் இரவுகளில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நள்ளிரவில் கடற்கரைக்கு அனுப்ப வேண்டாம். விடிந்தபின் கரையில் கண்டதைப் பதிவேட்டில் ஏற்றவும், மீனவர் தெருவில் பேசவும், பொரிப்பகத்துக்குப் படம் வரைந்து வைக்கவும் அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

எதிர்ப்பு வரும். அதில் நியாயமானதும் உண்டு.

படிப்பு கெடும் என்பது பெற்றோர் சொல்லப்போகும் முதல் பேச்சு. வாரம் ஒரு பாடவேளையில் கணக்குப் பதிவேடு எழுதுபவளுக்குக் கணிதம் கெடாது. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து வயதுப் பிள்ளைகள்கூடத் தம் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அதை முன்னெடுத்த தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைக் கேட்டால், அந்தப் பிள்ளைகள் பாடத்தில் பின்தங்கினார்களா என்று சொல்வார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது: ஆய்வறிக்கை மாநாட்டு மேடையோடு நின்றுவிடுகிறது, ஆய்வு நடந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை.

ஆசிரியர்களின் முணுமுணுப்பு இன்னும் நியாயமானது. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றியே பாதிப் பொழுது போகிறது என்கிறவர்களிடம் இன்னொரு பதிவேட்டைத் தருவது கொடுமை. எனவே இந்தத் திட்டத்துக்கு அன்றாட அறிக்கை, படம், காணொளி எதையும் கேட்கக் கூடாது. ஒரு பருவத்துக்கு ஒரு பக்கம், அதுவும் மாணவர் கையால் எழுதியது போதும்.

மிகக் கூர்மையான எதிர்ப்பு, இது குழந்தை உழைப்பாகிவிடாதா என்பது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் ஏறத்தாழ முழுவதுமாகவே தடுக்கிறது. சேவை என்ற பெயரில் பிள்ளைகளிடம் துடைப்பத்தைக் கொடுத்த பள்ளிகளும், பட்டியல் இனப் பிள்ளைகளையே பொறுக்கி எடுத்துக் கழிவறை கழுவவிட்ட சம்பவங்களும் தமிழ்நாட்டுச் செய்திகளில் வந்தவைதாம். ஆகவே கோடு தெளிவாக இருக்க வேண்டும். கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை எதுவும் பிள்ளைகளுக்கு இல்லை. கூட்டுவது, கழுவுவது, சுமப்பது, உண்டியல் குலுக்குவது நான்கும் கூடாது. போகும் இடத்தில் பள்ளியின் பெரியவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். எந்த அமைப்போடு சேர்வது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காப்பகக் குழந்தைகளின் படமும் பெயரும் வெளியே போகக் கூடாது.

மணிக்கணக்கு வைப்பதும் வேண்டாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-இல் சேவைக் கல்வியைப் பள்ளி இறுதித் தேர்ச்சிக்கு நிபந்தனையாக்கி, 75 மணி நேரம் என்று வரையறுத்தது. சிங்கப்பூரும் 1997-இல் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று தொடங்கியது. மணிகளை நிரப்புவதே குறியாகிப்போனால் சேவையின் பொருள் போய்விடும் என்று உணர்ந்து, 2012-இல் அந்தத் திட்டத்தைச் சிங்கப்பூர் மாற்றியமைத்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் படித்த பாடம் அது. இங்கே புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தத் தவறைச் செய்யத் தேவையில்லை.

இந்த மண்ணுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. 1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு, பார்வதிபுரத்து மக்கள் தந்த நிலத்தில்தான் எரியத் தொடங்கியது. அன்று முதல் அரிசி வைத்திருப்பவர் அரிசியும், காய் வைத்திருப்பவர் காயும் கொண்டுவந்து தந்ததால் அணையாமல் இருக்கிறது. சிதம்பரத்தில் 1864-இல் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரகாச வித்தியாசாலையும், 1916-இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகமும் ஊரார் கொடையில் எழுந்தவை. 1958-இல் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டுக் கிராமங்கள் பெஞ்சும் கரும்பலகையும் கூரையும் கொண்டுவந்து பள்ளிகளுக்குக் கொடுத்தன. இத்தனை காலமும் ஊர் பள்ளிக்குக் கொடுத்தது. பள்ளி ஊருக்குத் தரக்கூடியது தேர்வு முடிவு மட்டும்தான் என்று ஆனதுதான் விபரீதம்.

இளம் செஞ்சிலுவைச் சங்கமும் சாரணர் இயக்கமும் தேசியப் பசுமைப் படையும் பல பள்ளிகளில் பெயரளவிலாவது இருக்கின்றன. புதிய சங்கம், புதிய பெயர்ப்பலகை, புதிய சீருடை எதுவும் வேண்டாம். இவற்றுக்கு உயிர் கொடுத்தாலே ஆகும். முன்னோடி முயற்சிகளும் கடலூருக்குப் புதியவை அல்ல. 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் முதலில் தொடங்கிய பன்னிரண்டு மாவட்டங்களில் இதுவும் ஒன்று. அன்று தன்னார்வலர்கள் வீதிக்கு வந்து இதே வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம் செய்ய வேண்டியது இது. வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கடலூரிலும் சிதம்பரத்திலும் பத்துப் பத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தந்த வட்டாரத்துத் தொண்டு அமைப்புகளை அழைத்து, பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை எது என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்கட்டும். எந்த வேலை யாருக்கு என்பதை ஆசிரியர் ஒதுக்காமல் மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். தனிப்பெருங்கருணை நாள் என்று அரசே அறிவித்திருக்கும் அக்டோபர் 5 அன்று, வள்ளலார் பிறந்த நாளில், அந்த அமைப்புகளின் பொறுப்பாளர்கள் பள்ளிக்கு வந்து, என்ன பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பிள்ளைகளின் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, கொடியசைப்பு மூன்றும் வேண்டாம்.