மீட்டர் மலிவு, ஸ்ட்ரிப் என்ன விலை?

பிரிண்டர் மலிவு, கார்ட்ரிட்ஜ்தான் செலவு. இங்க்ஜெட் வாங்கியவர்களுக்கு இது தெரியும். சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரிலும் அதே கதைதான்.

அந்த ஸ்ட்ரிப்பை லேசாக எண்ணாதீர்கள். அதிலுள்ள நுண்ணிய பாதை, பம்ப் எதுவுமின்றி, விரல் நுனி ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். உள்ளே பூசிய என்சைம் சர்க்கரையுடன் வினைபுரியும். அதில் உண்டாகும் மின்னோட்டத்தை அளந்துதான் மீட்டர் எண்ணைக் காட்டுகிறது. துண்டுக்குள் ஒரு லேப்!

பெங்களூரு பிக்டெக் லேப்ஸ் உருவாக்கி, கோவாவின் மோல்பயோ தயாரிக்கும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும். காசநோய்க் கிருமியைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இதைப் பரிந்துரைத்தது. இதற்கும் ஒவ்வொரு சோதனைக்கும் புதுச் சிப் தேவை.

ஸ்ரீரங்கத்தில் என் பாட்டி இன்சுலின் போடுகிறார். டாக்டர் தினமும் பார்க்கச் சொல்லியும், "ஸ்ட்ரிப் தீந்துடும்டா" என்று வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். திருச்சிக் கடைகளில் மலிவான ஸ்ட்ரிப் இருக்கிறது; அவர் மீட்டர் அதை ஏற்காது. எந்தக் கம்பெனி யுஎஸ்பி கீபோர்டையும் உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கிறதே! ஸ்ட்ரிப்புக்கும் பொதுத் தரம் வேண்டும் என்பது என் கட்சி. கம்பெனிக்குக் கம்பெனி என்சைமும் அளவுத்திருத்தமும் வேறுதான். சிரமம், ஆனால் முடியாததல்ல.

அதுவரை, கடையில் மீட்டர் விலையை அப்புறம் கேளுங்கள். 50 ஸ்ட்ரிப் என்ன விலை, டப்பாவைத் திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்று முதலில் கேளுங்கள்.