சாவி யார் கையில் இருக்கிறது?

விமான நிலையப் பாதுகாப்பு என்றதும் நமக்கு மீனம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். துப்பாக்கி ஏந்திய காவலர், பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் சோதனை, கைப்பையிலிருந்து வெளியே எடுக்கப்படும் ஊறுகாய் பாட்டில். அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் பயணியர் விமானம் நேரம் குறித்து வந்துபோவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில்தான். மற்றவை சின்னத் தளங்கள். ஒரு ஓடுபாதை, நாலு கொட்டகை, ஒரு எரிபொருள் டேங்க், அவ்வளவுதான். பல இடங்களில் இரவில் ஆளே இருக்காது. விமானத்தின் சொந்தக்காரர் காரில் வருவார், கொட்டகையைத் திறப்பார், பறந்து போவார்.

இப்படித் திறந்துபோட்டிருக்கிறார்களே, மதில் எழுப்பி வருகிறவர் போகிறவரை எல்லாம் சோதித்தால் என்ன என்று 2001 செப்டம்பருக்குப் பிறகு அங்கே பலர் கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நடந்த சம்பவங்களைப் பார்த்தால், மதிலைவிடச் சாவிதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2002 ஜனவரி 5, ஃபுளோரிடா. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த 15 வயதுப் பையன். பறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்து வை என்று பயிற்சியாளர் அவனை அனுப்புகிறார். அவன் தனியாகவே செஸ்னா 172 விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய், டாம்பா நகரில் 42 மாடி வங்கிக் கட்டடத்தில் மோதினான். இறந்தது அவன் ஒருவன் மட்டுமே. அவன் எந்த மதிலையும் தாண்டி வரவில்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டிய மாணவன்தான்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலையில் தலைமையாசிரியரிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே ஒரு நல்ல பையன் இருப்பான். அவன் மனதில் அன்றைக்கு என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

அதன் பிறகு அமெரிக்க விமானத் துறை பயிற்சிப் பள்ளிகளுக்குச் சொன்ன யோசனைகள் மிக எளிமையானவை. கதவுக்கு ஒரு சாவி, இன்ஜினுக்கு வேறு சாவி வையுங்கள். போதிய பயிற்சி முடியும்வரை மாணவன் கையில் சாவி போக வேண்டாம். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

இன்னொன்று, 2022 செப்டம்பர் 3. மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ விமான நிலையம். விடியற்காலை ஐந்து மணிவாக்கில் இரட்டை இன்ஜின் கிங் ஏர் விமானம் ஒன்று கிளம்பியது. ஓட்டியவர் அங்கேயே விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் ஊழியர். வால்மார்ட் கடைமேல் மோதப் போவதாக மிரட்டிவிட்டுப் பல மணி நேரம் வானில் சுற்றினார். போலீசார் பேசிப் பேசி மனதை மாற்றினார்கள். விமானி ஒருவர் வானொலி வழியாக இறங்கச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஒரு சோயா வயலில் இறங்கினார், ஒருவருக்கும் காயமில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை. இதற்கு எவ்வளவு உயரமான வேலி போட முடியும்?

வெளியாள் வரவே மாட்டானா? வந்திருக்கிறான். கோல்டன் ஹாரிஸ்-மூர் என்ற இளைஞன், வெறுங்காலோடு திருடியதால் பத்திரிகைகள் அவனுக்குப் பட்டப்பெயரே வைத்தன. கையேடும் கம்ப்யூட்டர் விளையாட்டும் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டு, 2008 முதல் 2010 வரை சின்னத் தளங்களிலிருந்து ஒன்றல்ல, பல விமானங்களை எடுத்துப் போனான். அவனைப் போன்றவர்களுக்குத்தான் பூட்டு. நியூஜெர்சி மாநிலம் 2003-லேயே, 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தும் விமானத்துக்கு இரண்டு பூட்டு கட்டாயம் என்றது. ப்ரொபெல்லரில் சங்கிலி போட்டுப் பூட்டுவதும் ஒரு வழி. நம் சைக்கிள் மாதிரிதான், சிரிக்க வேண்டாம்.

2008-ல் அமெரிக்க அரசு, 5,670 கிலோவுக்கு மேற்பட்ட தனியார் விமானங்களுக்குப் பெரிய நிறுவனங்களுக்கு உள்ளதைப் போன்ற விதிகளைக் கொண்டுவரப் பார்த்தது. 7,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. திட்டம் கிடப்பில் போனது. சின்ன விமானம் சொந்தக் கார் மாதிரி, ஏறுகிறவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், என்ன சோதனை வேண்டியிருக்கிறது என்பது விமானிகளின் வாதம். பாதி சரி. செஸ்னா 172 ஆளும் எரிபொருளும் நிரம்பினாலும் 1,100 கிலோ சுமார்தான், ஒரு காரின் எடை. டாம்பாவில் கட்டடம் நின்றது.

ஆனால் கார் மாதிரி என்று வாதாடுகிறவர், காரைச் சாவியோடு தெருவில் விட்டுப் போவாரா? 2002 முதல் விமானிகள் சங்கமும் அரசும் சேர்ந்து, சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் கூப்பிட இலவசத் தொலைபேசி எண் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அறிமுகமில்லாத முகத்தைத்தான் பிடிக்கும். தினமும் எரிபொருள் நிரப்புகிறவர் ஒரு வாரமாக யாரோடும் பேசாமல் இருக்கிறாரே என்று கவனிக்க, கூட வேலை செய்கிறவர்தான் வேண்டும். அவரும் கவனிக்காமல் விட்ட அன்று, விமானத்தின் சாவியாவது மேலாளரின் பெட்டிக்குள் இருக்கட்டும்.